யார் கூற்று? விமானி அறையில் கேமரா வைப்பது பற்றிச் சில எண்ணங்கள்

அகப்பாடல்களைப் பாடம் நடத்துபவர்கள் அனைவருக்கும் பழக்கமான ஒரு சங்கடம் உண்டு. பாட்டின் அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பு இருக்கிறவரை வகுப்பு நன்றாகவே நடக்கும். ஒரு மாணவி எழுந்து, இந்தக் குறிப்பைப் பாடியவரே எழுதினாரா, பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்களா என்று கேட்டுவிட்டால் ஆசிரியர் தடுமாற வேண்டியதுதான். குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் அதே சொற்கள் வேறொருவர் வாயிலும் பொருந்துகின்றன. பொருந்தியவுடன் பொருளும் மாறிவிடுகிறது. சொல் மாறவில்லை, சொன்னவர் மாறினார், அவ்வளவே.

2025 ஜூலை மாதம் இந்திய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு வெளியிட்ட பதினைந்து பக்க முதல்நிலை அறிக்கையைப் படித்தபோது நமக்கு இந்தச் சங்கடம்தான் நினைவுக்கு வந்தது. ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்திலிருந்து லண்டன் காட்விக் நோக்கிப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம், தரையை விட்டு எழுந்த அரை நிமிட அளவில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒருவர். தரையில் இருந்தவர்களுள் 19 பேர் மாண்டனர். ஆக 260 உயிர்கள். விமானம் எழுந்த சில நொடிகளில் இரண்டு எஞ்சின்களுக்குமான எரிபொருள் விசைகள், ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக, எரிபொருளைத் துண்டிக்கும் நிலைக்கு மாறின என்கிறது அறிக்கை. பத்து நொடி கழித்து அவை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெறத் தொடங்குகின்றன. ஆனால் உயரம் போதவில்லை.

இடையில் ஒரே ஒரு வாக்கியம். விமானிகளில் ஒருவர் மற்றவரை நோக்கி ஏன் துண்டித்தீர் என்று கேட்பதும், மற்றவர் தாம் அவ்வாறு செய்யவில்லை என்று விடையிறுப்பதும் குரல் பதிவில் கேட்கின்றன என்பதே அது. கேட்டவர் எவர், மறுத்தவர் எவர் என்று அறிக்கை சொல்லவில்லை. பேசிய சொற்களைக்கூட நேர்கூற்றில் தரவில்லை. அயற்கூற்றில் சுருக்கித் தந்திருக்கிறது. கூற்றுக் குறிப்பு இல்லாத பாட்டு. குறிப்பை எழுதச் செய்தித்தாள்கள் முந்திக்கொண்டன. சில நாட்களுக்குள், பெயர் சொல்லாத அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டி, இன்னார்தான் துண்டித்தார் என்ற பொருள்படும் செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரே அத்தகைய செய்திகள் ஊகங்கள், காலத்திற்கு முந்தியவை என்று கண்டிக்க வேண்டியதாயிற்று. இறந்துபோன இரண்டு மனிதர்கள். இருவரும் வந்து மறுக்க முடியாதவர்கள். அவ்வாண்டு நவம்பரில் அவர்களுள் ஒருவருடைய முதிய தந்தை உச்சநீதிமன்றத்தின் படியேறினார். உம் மகனை யாரும் குறைகூற முடியாது, இந்தச் சுமையை நீர் சுமக்க வேண்டாம் என்னும் பொருளில் நீதிபதிகள் அவருக்கு ஆறுதல் கூறினர். மகனை இழந்தவர், மகனுடைய பெயரையும் இழந்துவிடாமல் காக்க நீதிமன்றத்திற்கு வர வேண்டியிருந்தது.

விமானி அறைக்குள் ஒரு கேமரா இருந்திருந்தால்?

இந்தக் கேள்வியைப் பலரும் எழுப்பினர். அந்த ஜூலையிலேயே, அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த வில்லி வால்ஷ், தாமே முன்னாள் விமானி, குரல் பதிவோடு காணொளிப் பதிவும் இருப்பதற்கு வலுவான காரணம் உண்டென்று சிங்கப்பூரில் பேசினார். கேள்வி புதியதன்று. அமெரிக்க வாரியம் 2000ஆம் ஆண்டிலேயே பெரிய பயணிகள் விமானங்களில் காட்சிப் பதிவுக் கருவி வேண்டுமென்று பரிந்துரைத்துவிட்டது. கால் நூற்றாண்டாக விமானிகளின் சங்கங்கள் மறுக்கின்றன. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பும் அதைக் கட்டாயமாக்க இசையவில்லை.

நாம் எந்தப் பக்கம் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம். கேமரா வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் வேண்டும் என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்திற்காக அன்று. அவர்கள் கேட்கும் வடிவிலும் அன்று.

முதலில் பழைய கதை ஒன்று. கறுப்புப் பெட்டி என்று நாம் அழைக்கிற (நிறத்தில் ஆரஞ்சான) கருவியை எண்ணிப் பார்த்தவர் டேவிட் வாரன் என்ற ஆஸ்திரேலிய அறிவியலாளர். 1934இல் அவருடைய தந்தை சென்ற விமானம் ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடைப்பட்ட கடற்பகுதியில் மறைந்துபோனது. அப்போது சிறுவனுக்கு வயது ஒன்பது. 1953, 1954 ஆண்டுகளில் காமெட் என்னும் முதல் ஜெட் பயணி விமானங்கள் அடுத்தடுத்து நொறுங்கின. அவற்றுள் ஒன்று கல்கத்தாவுக்கு அருகே. மெல்போர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வாரன், விமானிகள் கடைசியாகப் பேசியது ஒரு கம்பியில் பதிவாகி எஞ்சியிருந்தால் எவ்வளவு தெளிவு கிடைத்திருக்கும் என்று எண்ணினார். கருவியைச் செய்தும் காட்டினார். அவருடைய நாட்டில் வரவேற்பில்லை. வேவு பார்க்கும் காது ஒன்று அறைக்குள் இருக்குமானால் ஒரு விமானமும் மேலெழும்பாது என்று விமானிகள் சங்கம் எதிர்த்தது. விமானப்படையோ, விளக்கத்தைக் காட்டிலும் வசைச் சொற்களே மிகுதியாகப் பதிவாகும் என்று ஏளனம் செய்தது. ஆனால் 1960இல் மக்காய் என்னும் ஊரருகே ஒரு விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்து, காரணம் கண்டறியப்படாமலே போனபின், அதே ஆஸ்திரேலியாதான் குரல் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கிய முதல் நாடாயிற்று.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் இதை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, அன்றும் எதிர்த்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், கேமராவும் அப்படித்தான் என்று முடித்துவிடுவார்கள். நாம் அவ்வளவு எளிதாக முடிக்க மாட்டோம். விமானிகள் சும்மா பழகிக்கொள்ளவில்லை. சில உறுதிமொழிகளின்மேல் பழகிக்கொண்டார்கள். பதிவு விபத்தைப் புலனாய்வதற்கு மட்டுமே என்பது ஓர் உறுதி. நெடுங்காலம் பதிவுக் கருவிகளில் அழிப்பு விசை ஒன்றும் இருந்தது. விமானம் தரையிறங்கி, நிறுத்தத் தடையைப் போட்டபின் விமானி பதிவை அழித்துவிடலாம். இன்று கேட்பவருக்கு இது விந்தையாகப் படலாம். ஆனால் ஒரு தொழிலாளியின் அறைக்குள் காதை வைக்கும்போது அவனுக்குக் கொடுத்த ஒப்பந்தப் பத்திரம் என்று நாம் அதைப் பார்க்கிறோம்.

அந்த உறுதிகள் காக்கப்பட்டனவா என்பதே கேள்வி. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேரைப் பலிகொண்ட விபத்தின் விசாரணை அறிக்கையை நினைத்துப் பாருங்கள். பதிவின் முதல் ஒன்றேமுக்கால் மணி நேர அளவுக்கு விமானி அறையில் பேச்சில்லை, குறட்டையொலி கேட்டது என்று அதில் இருந்தது. நீண்ட உறக்கத்திலிருந்து விழித்தவரின் மந்தநிலை முடிவெடுப்பதைப் பாதித்திருக்கலாம் என்பது புலனாய்வுக்கு இன்றியமையாத செய்தி; அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் நாட்டின் நினைவில் நின்றது எது? இரவுப் பணியின் களைப்பு நின்றதா, ஓடுபாதையின் இறுதியில் இருந்த பள்ளம் நின்றதா, துணைவிமானி மீண்டும் மீண்டும் எச்சரித்தது நின்றதா? குறட்டை நின்றது. ஒரு மனிதனின் உறக்கம் தலைப்புச் செய்தியாயிற்று.

அமெரிக்காவில் 1988இல் டாலஸ் நகரில் புறப்படும்போதே விழுந்த ஒரு விமானத்தில், அதற்குச் சற்று முன் விமானிகள் பணிப்பெண்ணோடு அடித்த அரட்டை பதிவாகியிருந்தது. இறக்கை மடிப்புகளை விரிக்க மறந்தார்கள் என்பது விபத்தின் காரணங்களுள் ஒன்றாதலால் அரட்டைக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டு. ஆயினும் அரட்டை முழுவதும் ஊராருக்குப் பொழுதுபோக்கான விதம் அங்குள்ள விமானிகளை வெகுவாகப் புண்படுத்தியது. ஒலியைப் பொதுவில் விடக்கூடாது, தொடர்புடைய பகுதிகளின் எழுத்து வடிவத்தை மட்டுமே தரலாம் என்று அந்நாட்டுச் சட்டம் இறுகியிருக்கிறது. இதற்குப் பின்பும் கசிவு நின்றதா? 2015 மார்ச்சில் ஆல்ப்ஸ் மலையில் 150 பேரோடு மோதிய ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் பதிவில், வெளியே மாட்டிக்கொண்ட தலைமை விமானி கதவைத் தட்டுவது கேட்கிறது என்ற செய்தி இரண்டு நாளுக்குள் அமெரிக்க நாளிதழில் வந்துவிட்டது. அரசு அறிவிப்பதற்கு முன்பே. அந்தக் கதவுத் தட்டலைக் காணொளியாக எண்ணிப் பார்ப்பவர் விமானிகளின் அச்சத்தை மிகை என்று சொல்ல மாட்டார்.

கசிவோடு கூடவே பிழைபெயர்ப்பும் வரும். 1999 அக்டோபர் 31 அன்று அமெரிக்கக் கரையோரம் அட்லாண்டிக் கடலில் விழுந்த எகிப்து விமானத்தில் 217 பேர் இறந்தனர். இறுதி நிமிடங்களில் துணைவிமானி அரபியில் ஒரு தொடரைப் பலமுறை சொல்லுகிறார். இறைவனை நம்பியிருக்கிறேன் என்பது அதன் பொருள். அந்த மொழி பேசுவோர் வண்டியில் சாவியைத் திருகும்போதும் சொல்லக்கூடிய தொடர். அதனோடு, பதிவில் இல்லாத வேறொரு வாக்கியமும், முடிவு செய்துவிட்டேன் என்ற பொருளில், செய்திகளில் உலவியது. பிறகு அப்படியொன்று இல்லை என்று சொல்லப்பட்டது. அமெரிக்க வாரியம் அந்த விமானியின் செய்கையே காரணம் என்று 2002இல் முடிவு கூறிற்று. எகிப்து, இயந்திரக் கோளாறு என்றது. இரண்டு உரையாசிரியர்கள், ஒரே பாட்டு. பரிமேலழகரும் காலிங்கரும் முரண்படும்போது நமக்கு இரண்டு உரைகளும் சுவைதான். இங்கே ஒரு குடும்பத்தின் மானம் அந்த இரண்டு உரைகளுக்கு நடுவில் கிடந்தது.

நம் தொழிலிலிருந்தும் ஒன்று சொல்லலாம், அளவு தெரிந்தே சொல்கிறோம். நாம் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் வகுப்பறைகளில் கேமரா பொருத்தினார்கள். மாணவியர் பாதுகாப்புக்காக என்றார்கள், யார் மறுப்பார்? ஓராண்டு கழிவதற்குள், உட்கார்ந்தபடி பாடம் நடத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு மூத்த பேராசிரியர் ஒருவருக்கு ஓலை வந்தது. அவருக்கு முழங்கால் வலி. அதன்பின் எல்லோரும் நின்றபடியே நடத்தினோம். பாடம் அதனால் மேம்பட்டதாக நினைவில்லை. வழக்கத்திற்கு மாறான கேள்விகளை மாணவர்கள் கேட்பது குறைந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு காரணம் சொல்லி வைத்த கண் வேறொரு காரணத்திற்குப் பார்க்கத் தொடங்கும் என்பதை அங்கே கற்றோம்.

ஆயினும் வகுப்பறை வேறு, விமானி அறை வேறு. நாம் தவறாக நடத்திய பாடத்தால் ஒருவரும் சாகவில்லை (தேர்வில் தோற்றிருக்கலாம்). விமானியின் பின்னால் இருநூறு முந்நூறு பேர் அமர்ந்திருக்கிறார்கள்; அவர்களுடைய வீட்டார் காரணம் அறியக் கடன்பட்டவர்கள் அல்லர், உரிமை பெற்றவர்கள். அந்த உரிமைக்கு எதிரே வைத்துப் பார்க்கும்போது, வேலையிடத்தில் விமானியின் தனிமை முழுமையானதன்று. 2017இல் நம் உச்சநீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோதும், தக்க சட்டம், தக்க நோக்கம், அளவான கட்டுப்பாடு என்பவை அமைந்தால் அதற்கு வரம்பு கட்டலாம் என்றே சொன்னது.

குரலும் தரவும் போதாத இடங்கள் உண்டு என்பதையும் மறைக்க முடியாது. 1997 டிசம்பரில் சுமத்ராவின் மூசி ஆற்றில் 104 பேரோடு விழுந்த சில்க் ஏர் விமானத்தில், குரல் பதிவு, தரவுப் பதிவு இரண்டுமே விழுவதற்கு முன்பே நின்றுபோயிருந்தன. காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்றது இந்தோனேசிய அறிக்கை. விமானியின் செயல் என்றது அமெரிக்க வாரியம். கருவிக் குறை என்று 2004இல் தீர்ப்புக் கூறியது லாஸ் ஏஞ்சல்ஸ் நடுவர் குழு. மூன்று தீர்ப்பு. (நின்றுபோகும் கருவி கேமராவானாலும் நின்றுதான் போகும் என்று ஒரு நண்பர் குறுக்கிட்டார். சரிதான். தனி மின்கலம் வேண்டும் என்று அவருக்கு விடை சொன்னோம்.)

அகமதாபாத்துக்குத் திரும்புவோம். விசைகள் நிலை மாறின என்று தரவுப் பதிவு சொல்கிறது. மாற்றியது எது என்று சொல்லவில்லை. அந்த விசையைச் சற்றுத் தூக்கித்தான் நகர்த்த முடியும். கை பட்டுத் தானாக நகராதபடி ஒரு பூட்டு அமைப்பு உண்டு. வேறொரு போயிங் வகையில் இந்தப் பூட்டு செயல்படாத நிலையில் சில விசைகள் பொருத்தப்பட்டிருந்தன என்று 2018இல் அமெரிக்க அமைப்பு ஒரு சுற்றறிக்கை விட்டது. 787 விமானத்திலும் அதே வடிவான விசை இருப்பதால் அதுவும் சுற்றறிக்கையில் இடம்பெற்றது. ஆய்வு கட்டாயமாக்கப்படாததால் ஏர் இந்தியா அதைச் செய்யவில்லை என்பதையும் முதல்நிலை அறிக்கை குறித்திருக்கிறது. ஆகவே ஒரு கை சென்றதா, செல்லவில்லையா என்பதுதான் முதல் கேள்வி. எந்த மனம் என்பது அதற்குப் பிறகு. கைக்கு மேலே ஒரு கேமரா இருந்திருந்தால் முதல் கேள்விக்கு ஒரு நொடியில் விடை கிடைத்திருக்கும். கை செல்லவில்லை என்று அது காட்டியிருக்குமானால், ஒரு முதியவர் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்திராது. கேமராவை விமானிக்கு எதிரான சாட்சியாக மட்டுமே இரண்டு தரப்பும் பேசுகின்றன. அவன் பக்கத்துச் சாட்சியாகவும் அது நிற்கும் என்பதை ஏனோ எவரும் வற்புறுத்துவதில்லை. நாம் கேமராவை வேண்டுவது இதற்காகத்தான்.

கை சென்றதாகக் காட்டினாலும் கதை முடிவதில்லை. 2014 அக்டோபர் 31 அன்று கலிபோர்னியாவின் பாலைநிலத்தின் மேல், விண்வெளிச் சுற்றுலாவுக்கான சோதனைக் கலம் ஒன்று வானில் சிதைந்தது. அதன் அறைக்குள் கேமரா இருந்தது. வால்பகுதியை விடுவிக்கும் பூட்டைத் துணைவிமானி உரிய வேகம் வருவதற்கு முன்பே திறந்ததைக் காட்சி காட்டியது. குற்றவாளி அகப்பட்டான் என்று புலனாய்வு எழுந்துவிடவில்லை. ஒரே ஒரு மனிதப் பிழை கலத்தையே அழிக்கும்படி வடிவமைத்து, அப்படியொரு பிழை நேரக்கூடும் என்று எண்ணியும் பார்க்காத நிறுவனத்தின் மேல்தான் அமெரிக்க வாரியம் விரல் நீட்டியது. 2013இல் அலாஸ்காவில் விழுந்த காவல்துறை ஹெலிகாப்டரிலும் கேமரா இருந்தது. பனியில் திசைமயங்கிய விமானி, தம் நிலைகாட்டும் கருவியை வழக்கத்திற்கு மாறாகப் பூட்டிவிட்ட செயல் அதனால்தான் தெரிந்தது. வேறெந்தப் பதிவும் அதைச் சொல்லியிருக்காது.

இந்த இரண்டு எடுத்துக்காட்டிலும் பயன்பட்டது எது என்று கவனிக்க வேண்டும். கையும் கருவியும். முகம் அன்று.

வால்ஷ் போன்றவர்களோடு நாம் பிரிவது இந்த இடத்தில். விமானியின் மனநலத்தை ஆராயக் காணொளி உதவும் என்பது அவர்களுடைய வாதங்களுள் ஒன்று. மனத்தில் உள்ளது மெய்யில் தோன்றும் என்பது நமக்கும் தெரிந்ததே. தொல்காப்பியம் ஓர் இயல் முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அந்த இயலைப் பாடம் சொல்லிவரும் நமக்கு, பத்து நொடி முகத்தைப் பார்த்து அச்சம் எது, மருட்கை எது என்று பிரித்துச் சொல்லும் துணிவு வரவில்லை. மேடையில் நடிப்பவன் பார்ப்போர்க்குப் புலப்படவேண்டும் என்றே காட்டுகிறான். இறக்கப்போகிறவன் எவர்க்கும் எதையும் காட்டுவதில்லை. அந்த முகத்தை இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியில் நிறுத்தி நிறுத்தி வட்டமிட்டுக் காட்டுவார்கள் என்பதை நாம் ஊகிக்கத் தேவையில்லை. வேறு மரணங்களில் பார்த்திருக்கிறோம்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பு காட்சிப் பதிவுக் கருவிகளை வகைப்படுத்தி எழுதியிருக்கும் தரத்தில், அறையின் பொதுக் காட்சியைப் பதியும் வகைக்கு, இயல்பாக அமர்ந்திருக்கும் விமானியின் தலையும் தோளும் விடுபடும்படி காட்சியை அமைக்கலாம் என்று இருக்கிறது. கருவிப் பலகையை மட்டும் பதியும் தனி வகையும் உண்டு. இரண்டு தரப்பும் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேமரா வேண்டும், வேண்டாம் என்று மோதிக்கொண்டபோது, எந்தக் கோணம் என்ற எளிய பேச்சைப் போதிய அளவு பேசவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

கோணத்தை அடுத்து, சாவி. பதிவு பூட்டிய நிலையில் இருக்க வேண்டும். அதைத் திறக்கும் சாவி விமான நிறுவனத்திடம் இருத்தல் கூடாது. ஓர் அதிகாரி பொழுது போகாத பிற்பகலில் திறந்து பார்த்து, ஏன் காலை நீட்டி அமர்ந்தீர் என்று ஓலை அனுப்ப இடமிருக்குமானால் நாமும் விமானிகளோடு சேர்ந்து எதிர்ப்போம். விபத்தோ பெரும் ஆபத்தோ நேர்ந்தால் புலனாய்வு அமைப்பு மட்டுமே திறக்க வேண்டும். அனைத்துலக உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பு குரல் பதிவைப் போலவே காட்சிப் பதிவையும் காக்கச் சொல்கிறது. நம் நாட்டில் அதைக் கசியவிட்டவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் சிறை என்று சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அந்தச் சட்டம் முதலில், கேமரா பிறகு. வரிசை மாறினால் வகுப்பறைக் கதைதான்.

செலவு பெரிது என்கிறார்கள். குரல் பதிவின் நீளத்தை இரண்டு மணி நேரத்திலிருந்து இருபத்தைந்து மணி நேரமாக்கச் சொன்னபோதும் இதையே சொன்னார்கள். 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவடைப்பு நடுவானில் பறந்துபோனபின், இரண்டு மணி நேரப் பதிவு மேலெழுதப்பட்டு அழிந்துவிட்டது. அவ்வாண்டே அமெரிக்கச் சட்டம் இருபத்தைந்து மணி நேரத்தைக் கட்டாயமாக்கியது. செலவு அப்போது தடையாகத் தெரியவில்லை.

அகத்திணையில் தலைவன் பெயரையோ தலைவி பெயரையோ சுட்டக்கூடாது என்று நம் முன்னோர் விதித்திருந்தனர். இந்திய அறிக்கையை எழுதியவர்கள் இரண்டு குரல்களுக்கும் பெயர் சூட்டாமல் விட்டதை நாம் குறையாகக் கருதவில்லை. அது நாகரிகம்தான். ஆனால் அந்த நாகரிகம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பெயரில்லாத இடத்தில் கண்டவரெல்லாம் பெயர் எழுதினார்கள். அடுத்த முறை, அப்படியொரு முறை வராமலிருக்கட்டும், இரண்டு குரல்களுக்கு நடுவே அந்த விசையும் அதன்மேல் சென்ற, அல்லது செல்லாத, கையும் பதிவாகியிருக்க வேண்டும். முகம் வேண்டாம்.